ஒற்றைப் பக்க மூக்கு

குளிர்ந்த எஃகுத் தகட்டை வந்தவரின் மூக்கடியில் பிடித்துக்கொண்டு, "மூச்சை விடுங்க, சும்மா வீட்ல விடுற மாதிரி" என்கிறார் டாக்டரம்மா. தகட்டில் இரண்டு வட்டமாக ஆவி படிந்தால் அவர் முகத்தில் மாற்றம் இருக்காது. ஒரு வட்டம் மட்டும் படிந்தால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"அலர்ஜின்னா ரெண்டு பக்கமும் ஒழுகும், அதுக்குப் பாரபட்சம் கிடையாது. ஒரு பக்கம் மட்டும் அடம்பிடிக்குதுன்னா, உள்ள யாரோ குடியிருக்காங்க."

காது, மூக்கு, தொண்டை அவருடையவை. எதிர் அறையில் பற்கள் அவர் கணவருடையவை. நடுவில் ஒரு நடை; காலையில் வீட்டில் விட்ட சண்டையை அங்கே தொடர்வார்கள். நோயாளி சொல்வதை டாக்டரம்மா பாதிதான் நம்புவார். மீதியைக் கூட வந்தவரிடம் கேட்டுக்கொள்வார்.

அப்படித்தான் பேக்கரி மாஸ்டரின் மனைவியிடம் கேட்டார். "எல்லாம் அழுகின வாடை அடிக்குதுன்னு நல்ல மாவையெல்லாம் குப்பையில கொட்டுறாருங்க. இன்னொரு தடவை கொட்டினா வீட்டோட இருந்துக்கன்னு முதலாளி சொல்லிட்டாரு." மாவுத்தூசி அலர்ஜி என்று போன இடமெல்லாம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். தகட்டில் வலது வட்டம் மட்டும்தான் விழுந்தது.

விளக்கு வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார். இடது பக்கம் சீழ் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்கேன் வந்தது. கட்டி இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு, காலை மடித்து உட்கார்ந்து படத்தைப் பார்த்தார். மற்ற சைனஸ் அறைகள் காற்றோட்டமாகக் கறுப்பாக இருக்க, இடது கன்னத்து அறை மட்டும் சாம்பலாக அடைத்துக் கிடந்தது.

"மேல்பல்லுல ஏதாவது வேலை பார்த்தீங்களா?"

மாஸ்டர் வாயைத் திறக்காமல் கட்டைவிரலால் எதிர் அறையைக் காட்டினார்.

டாக்டரம்மா படத்தோடு நடையைக் கடந்தார்.

"நான் வேர்சிகிச்சை பண்ணின பல்லு அது," என்றார் கணவர். "வலியே இல்லைங்கறாரே. உனக்கு யாரைப் பார்த்தாலும் என் பல்லுதான் கண்ணை உறுத்தும்."

"நரம்பை எடுத்த பிறகு எப்படிங்க வலிக்கும்? பல்லு வாயில்லாப் பூச்சியா கிடக்குது. அதுக்கும் சேர்த்து மூக்கு அழுவுது."

கணவர் கண்ணாடியை மாட்டினார். கடைவாய்ப் பல்லின் வேர் நுனி அந்தச் சாம்பல் அறையின் தரையை முட்டி நின்றது. நுனியைச் சுற்றி எலும்பு அரித்துப்போன ஒரு கறுப்பு வளையம். வெகுநேரம் பார்த்துவிட்டு, "வேருக்குள்ள ஒரு கால்வாயைச் சுத்தம் பண்ணாம விட்டுட்டேன்" என்றார். பிறகு கதவருகே போய், "மாஸ்டர், உள்ள வாங்க. தப்பு என்னோடது, நானே சரி பண்ணித் தர்றேன்" என்று கூப்பிட்டார். டாக்டரம்மா அதைக் குத்திக்காட்டவில்லை. அன்று வீட்டிலும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை என்று கணவரே ஆச்சரியத்தோடு சொன்னார்.

பல்லைத் திறந்து சுத்தம் செய்து மூடினார். சீழுக்கு மருந்தும் உள்ளே போயிற்று. சில வாரம் கழித்து மாஸ்டர் தனியாக வந்தார். தகட்டில் இரண்டு வட்டம்.

"அடுப்பைத் திறந்தேங்க. ரொட்டி வாசம் குப்புனு மூஞ்சில அடிச்சுது. முதலாளியே வந்து..."

டாக்டரம்மா கையமர்த்தினார். மாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி, நடையைக் கடந்து, கதவைத் தட்டாமல் திறந்து, கணவருக்கு எதிரே ஒரு முக்காலியை நகர்த்தி அவரை உட்கார வைத்தார்.

"இப்பச் சொல்லுங்க, மொதல்லேருந்து," என்று கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்துகொண்டார்.