கமெராவின் கண்ணைக் கட்டிய நாள்

சீதேவிப்பிள்ளை மாமி யாரையும் நம்ப மாட்டாள். அவள் இடியப்பம் அவித்துக் கொடுக்கும் தேநீர்க்கடைக்காரனிடமே தட்டுகளை எண்ணிக் கொடுத்து எண்ணித்தான் திரும்ப வாங்குவாள். கமெரா என்றால் கண்ணிலும் காட்டக் கூடாது. சுனாமிக்குப் பிறகு முகாமில் யாரோ அவள் அழுவதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் அந்த அழுகை ஏதோ ஒரு நிறுவனத்தின் கலண்டரில் மார்ச் மாதமாக வந்து, அவள் சாமான் வாங்கும் கடையில் தொங்கியது. ஏப்ரல் பிறக்கும்வரை மாமி அந்தக் கடைப் பக்கம் போகவில்லை.

அந்தக் கடலில் அவளுடைய புருஷனும் ஒரே மகன் சிவதர்ஷனும் போனார்கள். ஊர் அப்படித்தான் நம்பியது. நானும் நம்பினேன்.

2010 வைகாசி. சண்டை முடிந்து ஒரு வருடம்தான். இயக்கக் காலத்துப் பழைய பெயர்களை விசாரித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஆட்கள் இன்னும் வந்து போனார்கள். எங்கள் வாவிக்கரைக் கண்ணகை அம்மன் கோயிலில் வருடத்துக்கு ஒரு தடவைதான் கதவு திறக்கும். அம்மனின் கோபத்தைக் குளிர வைக்கும் அந்தக் குளிர்த்தி விழாவை வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சனத்துக்கு ஊர்ச் சங்கத்தின் இணையத்தளத்தில் நேரடியாகக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மடிக்கணினியில் கமெராவைச் செருகி, நேரலை ஏற்றும் ஓர் இலவசத் தளத்தில் கணக்குத் திறந்து, அது தரும் நாலு வரியை வெட்டி எங்கள் பக்கத்தில் ஒட்டினால் முடிந்தது. ஆனாலும் நான் ரொக்கெட் விட்டவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மாமி வந்து கமெராவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இதில ஆரு மனே பாப்பாங்க?"

"எங்கட ஆக்கள்தான் மாமி."

"மத்தவங்க பாக்கேலாதா?"

"பக்கத்தைத் திறக்கிற எல்லாரும் பாக்கலாம்."

"அப்ப எங்கட ஆக்கள் எண்டு ஏன் சொன்னாய்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்கட மூஞ்சியப் பாக்க ஆரும் காத்துக் கிடக்கல்ல மாமி" என்றேன். வாய்த் துடுக்கு. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கதவு திறந்ததும் பெண்கள் மட்டும் ஒவ்வொருத்தராக உள்ளே போய் அம்மனிடம் வாய்விட்டு நேர்த்தி சொல்வார்கள். ஆண்கள் வெளியே போய்விட வேண்டும். அது எங்கள் கோயில் வழக்கம். அந்த நேரம் கமெராவும் பார்க்கக் கூடாது என்று பூசை செய்யும் வினாயகமூர்த்திக் கட்டாடியார் கறாராகச் சொல்லிவிட்டார். மஞ்சளில் நனைத்த சீலைத் துண்டால் அவரே அதன் கண்ணை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார். மாமி முடிச்சை இழுத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே போனாள்.

கமெரா உள்ளேயே நின்றது; அதன் நீள வயரை இழுத்துக்கொண்டு நான் மடிக்கணினியோடு வெளியே வேப்பமரத்தடியில் இருந்தேன். திரை முழுக்க இருட்டு. பார்ப்பவர்கள் நாற்பத்தொரு பேர் என்று காட்டியது. ஒன்றும் தெரியாத திரையை ஏன் இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யோசித்தபோதுதான் ஓரத்தில் பச்சைக் கோடு ஒன்று துள்ளுவதைக் கண்டேன். காதுக்குள் ஹெட்போனை வைத்தேன். மாமியின் குரல்.

"செத்துப் போனான் எண்டு ஊருக்குப் பொய் சொன்னன் தாயே. என்ட சிவதர்ஷன் கத்தார்ல உசிரோட இரிக்கான். நீதான் அவனப் பாத்துக்கொள்ளணும்."

கண்ணைக் கட்டினோம். அதற்குக் காதும் இருப்பதை ஒருவரும் நினைக்கவில்லை. நான் வயரைப் பிடுங்கியபோது அவள் சொல்லி முடித்திருந்தாள்.

அன்று பின்னேரமே போய்ச் சொன்னேன். மாமி ஏசவில்லை, ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு இயக்கம் வந்த காலத்தில், சுனாமியில் இறந்தவர் பட்டியலில் மகனின் பெயரைக் கொடுத்துவிட்டு, காத்தான்குடி அப்துல் கபூர் நானாவின் சாமான் லொறியில் அவனைக் கொழும்புக்கு அனுப்பியதைச் சொன்னாள். "செத்தவன் உசிரோட இரிக்கான் எண்டா, இவ்வளவு நாளும் எங்க இருந்தான் எண்டு மோட்டார் சைக்கிள்காரங்க கேப்பாங்க. சுகமா இரிக்கான் எண்டு கபூர் நானா சொல்லுவார். அஞ்சு வருசமா அவன்ட குரலை நான் கேக்கல்ல" என்றாள். பிறகு, "எத்தின பேர் மனே கேட்டது?" என்றாள்.

"நாப்பத்தொரு பேர்."

"ஆரு ஆரு?"

"அது காட்டாது மாமி. எண்ணிக்கை மட்டும்தான்."

மூன்றாம் நாள் என் ஃபோன் அடித்தது. இணையத்தளத்தில் என் இலக்கம்தான் கிடந்தது. "அண்ணன், நான் சீதேவிப்பிள்ளைட மகன். கதவு திறக்கக்குள்ள அம்மாட குரலைக் கேட்டன். ஒருக்காக் குடுங்க" என்றான். எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மாமி இடியப்பத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு ஃபோனை வாங்கிக் காதில் வைத்தாள். நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு, "நீங்க ஆரு? என்ட மகன் சுனாமியில செத்துப் போனான்" என்று சொல்லி, என்னிடம் நீட்டினாள்.

"ஏன் மாமி, அது அவன் இல்லையா?"

"அவன்தான். தடிமன் புடிச்சிரிக்கி அவனுக்கு, மூக்கால கதைக்கான்." சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அந்த நாப்பத்தொரு பேரில இவன் ஒருத்தன். மத்த நாப்பது பேரும் ஆரு மனே?"