பொன்னுலிங்கம் ஆளெடுக்கிறார்

"கொடை எப்பம்லே?"

கருங்கல் சந்தையில் பலாப்பழக் குவியலுக்குப் பக்கத்தில் ஓர் இளந்தாரியை மறித்துப் பொன்னுலிங்கம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பேர், ஊர், வயது எல்லாம் பிறகு. அவன் திருதிருவென்று விழிக்கிறான். "ஒனக்க ஊரு அம்மன் கோயில் கொடைத் திருவிழா எந்த மாசம்னு கேக்குகேன். சித்திரையா? அப்பம் நீ போ மக்கா. சித்திரைக்கு ஆளு நெறஞ்சாச்சு."

பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்ட ஆள் சேர்த்துக் கொடுப்பது அவர் தொழில். பால்வெட்டு லேசுப்பட்ட காரியம் இல்லை. பட்டையை மட்டும் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரம் புண்ணாகிவிடும். அதனால் மடியிலிருந்து ஒரு பச்சை மாங்காயை எடுத்துக் கத்தியோடு நீட்டி, தோல் சீவச் சொல்வார். சதையில் கீறல் விழுந்ததோ, ஆள் வேண்டாம். ஆளெடுக்கிற காலத்தில் அவர் வீட்டில் மூன்று வேளையும் மாங்காய்தான். "இவரு ஆளெடுத்துத் தீருகதுக்குள்ள எனக்க பல்லெல்லாம் கூசிப்போச்சு" என்று மனைவி நாகம்மை புலம்பாத நாள் இல்லை.

சீவத் தெரிந்தவன் கிடைத்துவிடுவான். மலையில் தங்குகிறவன்தான் கிடைக்க மாட்டான். "அட்டைக்குப் பயந்து ஓடுகான், ஆனைக்குப் பயந்து ஓடுகான்னு சொல்லுவாவ. சும்மாவாக்கும். அவன் கொடைக்கு ஓடுகான்!" ஒரே ஊரில் பத்துப் பேரை எடுத்தால், அந்த ஊரில் மேளம் கொட்டுகிற அன்றைக்குப் பத்துப் பேரும் மாயம். ஆகவே மாசியில் சாமித்தோப்புத் திருவிழாவுக்கு ஓடுகிறவர்கள் கொஞ்சம், பங்குனிக்கு, ஆடிக்கு ஓடுகிறவர்கள் கொஞ்சம், கிறிஸ்துமசுக்கு ஓடுகிற சிலுவை என்கிறவனும் அவன் கூட்டாளிகளும் கொஞ்சம் என்று பிரித்துத்தான் எடுப்பார். கிறிஸ்துமசும் சுசீந்திரம் தேரும் அடுத்தடுத்து வருவது ஒன்றுதான் அவருக்குத் தீராத தலைவலி. "ரெண்டு பேரும் கூடிப் பேசி ஒண்ணைத் தள்ளி வச்சா எந்தா கொறஞ்சு போவும்?" என்று அடுத்த வீட்டுக்காரனான என்னிடம் கேட்டார். என்னவோ நான் போய்ப் பேசி முடித்துவிடப் போகிறவன் மாதிரி!

இன்னொன்று, அவர் ஆளிடம் சம்மதம் கேட்பதில்லை. அவன் அம்மாவிடம் கேட்பார். மலையில் ஒருவன் முரண்டு பிடித்தால், சந்தைக்கு வருகிற அவன் அம்மா காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும். அடுத்த பஸ்ஸிலேயே அந்த அம்மாளின் வசவு மலை ஏறிவிடும்.

இத்தனை செய்தும் போன தையில் யாரோ ஒருவன் கல்யாணத்துக்கென்று ஏழெட்டுப் பேர் இறங்கிப் போய்விட்டார்கள். தோட்டத்து மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இனி ஒரு நாள் மரம் சும்மா நின்றால், நீர் இந்த மலை ஏற வேண்டாம்."

அந்தச் சூட்டோடுதான் அவருடைய ஒரே மகள் தாணம்மாளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், வைகாசி முதலில் முகூர்த்தம். மலையில் மூச்சுவிடவில்லை மனிதர்.

"நம்ம பிள்ளைக்க கல்யாணத்துக்கு நம்ம ஆளுவ இல்லாமலா?" என்றாள் நாகம்மை.

"ஏட்டி, ஒருத்தன் அறியப்பிடாது. அறிஞ்சா எனக்க சோலி போச்சு."

நாகம்மை வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள். அங்கே அம்மாக்கள் இருந்தார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின மாலை, கடைசி பஸ்ஸிலிருந்து வெட்டுக்காரர் அத்தனை பேரும் இறங்கினார்கள். மாசி, பங்குனி, ஆடி, மார்கழி என்று அவர் பாடுபட்டுப் பிரித்து வைத்தவர்கள் எல்லோரும் ஒன்றாக, ஆளுக்கொரு வாழைக்குலையோடு பந்தலுக்குள் வந்து நின்றார்கள்.

"அண்ணாச்சி, எங்களை விட்டுப்போட்டா தங்கச்சிக்குக் கல்யாணம்?" என்றான் சிலுவை.

"லேய், நாளைக்கு மரத்தை ஆருலே வெட்டுவா?"

"மாங்கா இருந்தாத் தாரும். இங்கின இருந்து சீவுகோம்."

பந்தல் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வந்துவிட்டார்களே என்ற சந்தோஷமும், போச்சே பிழைப்பு என்ற பயமும் அந்த முகத்தில் மாறி மாறி வந்தன. பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அதன் பிறகு அவர்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மறுநாள் விடியலோடு முகூர்த்தம். மலையில் வெட்டுக்கு இறங்குகிற நேரமும் அதுதான். தாலி ஏறுகிறவரை மழை வரக் கூடாதே என்று ஊரே வேண்டிக்கொண்டிருக்க, பெண்ணைப் பெற்றவர் மட்டும் பந்தலுக்குப் பின்னால் போய்ப் போய் மலையைப் பார்த்துவிட்டு வந்தார். "என்ன ஓய் பாக்கீரு?" என்றேன். "மழை பெய்தா வெட்டு கெடையாது. வெட்டு இல்லேன்னா ஆளு இல்லேன்னு ஆரு கேப்பா?" என்றார், மெதுவாக. அட பாவி மனுஷா!

கெட்டிமேளம் கொட்டும்போதே மலை கறுத்து மறைந்தது. தாலி ஏறியதும் அங்கிருந்து அடித்துக்கொண்டு வந்தது மழை. கீற்றெல்லாம் ஒழுகிற்று. சம்பந்தி, நாள் குறித்தவனைத் தேடிக்கொண்டு கத்தினார். பெண்கள் இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்கள். பொன்னுலிங்கம் முற்றத்து நடுவில் இறங்கி, இரண்டு கையையும் விரித்து, தோளில் கிடந்த பட்டு நேரியல் உடம்போடு ஒட்டிப்போகிறவரை நின்றார்.

மழை விடாமலே தாழ்வாரத்தில் பந்தி நடந்தது. பரிமாறுகிறவன் கையிலிருந்து பாயச வாளியைப் பிடுங்கிக்கொண்டு, தலையில் நீர் சொட்டச் சொட்ட வந்த பொன்னுலிங்கம், சிலுவையின் இலை முன்னால் குனிந்தார். "போதும் அண்ணாச்சி" என்று அவன் மறித்த கையைத் தட்டிவிட்டு, இன்னும் ஒரு அகப்பை ஊற்றினார்.