ஜிம்மி வாங்கிய திட்டு

என் கணவன் கெல்வினுக்கு மூச்சு உண்டு, நாக்கு இல்லை. சொன்னது என் அம்மா. அவனிடம் சொல்லவில்லை. மருமகனும் மாமியாரும் பேசிக்கொள்வதோ ஏறிட்டுப் பார்ப்பதோ எங்கள் பழங்குடியில் கிடையாது. எங்கள் நாய் ஜிம்மியிடம்தான் சொன்னாள்.

கெல்வின் டார்வின் நகரத்தில் வளர்ந்தவன். அங்கே சந்தையில் யிதாக்கி ஊதுவான். வெளியூர்க்காரர்கள் டிஜெரிடூ என்கிறார்களே, அந்த நீளக் குழல். மூச்சு விடாமல் இழுத்து, நடுநடுவே கங்காரு துள்ளும் சத்தம் கொடுத்துக் கைதட்டல் வாங்குவான். கல்யாணமாகி எங்கள் ஊரான யிர்க்கலாவுக்கு வந்தபின் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். எங்கள் மகனை ஆண்களோடு சேர்க்கும் சடங்கு நெருங்கியதும், "நான்தான் ஊதுவேன்" என்று ஒற்றைக்காலில் நின்றான். பாடப்போகிறவர் கெல்வினின் தாய்மாமன் வுலங்கு. தாய்வழிப் பாட்டுக்குச் சகோதரி மகன் ஊதுவது முறைதான். ஆனால் ஊதத் தெரிய வேண்டுமே!

முதல் ஒத்திகையில் பாதிப் பாட்டிலேயே மாமா தாளக்கட்டையை நிறுத்திவிட்டார்.

"என்னடா இது, தண்ணி பம்பு ஓடுற மாதிரி? நான் பாடறது உன் காதுல விழுதா?"

"விழுது மாமா."

"அப்புறம் ஏன் நீ பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கே? கட்டை நின்னா நீயும் நிக்கணும். கங்காருவை வீட்டுல கட்டிப்போட்டுட்டு வா. இல்லேன்னா கல்லிவின்கு ஆளைக் கூப்பிட்டுக்கறேன்."

சொந்த மகன் சடங்குக்கு வேற்றூர் ஆள் ஊதுவதா? கெல்வினுக்கு அன்று ரொட்டி இறங்கவில்லை.

எங்கள் முறையில் குழலுக்குள் நாக்கு பேச வேண்டும். கெல்வினின் நாக்கு பத்து வருஷமாகச் சும்மா கிடந்தது. வீட்டின் பின்பக்கம் உட்கார்ந்து ஊதுவான், தடுக்குவான், குழலைத் தரையில் போட்டுக் கத்துவான். எனக்கோ தலைவலி. வீட்டின் முன்பக்கம் அம்மா பாய் முடைந்துகொண்டே உரக்க ஆரம்பிப்பாள்.

"ஏ ஜிம்மி, எத்தனை தடவை சொல்றது? தித்து தித்து துர்ர்ல், தித்து துர்ர்ல், தூப்! கடைசில எக்கி ஒரு தூப், அதோட வாயை மூடணும். அதுக்கப்புறமும் குரைச்சா யாருக்கு அசிங்கம்?"

கெல்வின் என்னிடம் பாய்ந்து வந்தான். "உங்கம்மா நாயைத் திட்டறாங்களா, என்னையா?"

"நாயா ஊதுது?"

"அப்போ ரெண்டாவது துர்ர்ல் நீட்டறதா, வெட்டறதான்னு கேட்டுச் சொல்லேன்."

கேட்டுச் சொன்னேன். திரும்பவும் கேட்கச் சொன்னான். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடந்தே என் கால் தேய்ந்தது. சலித்துப்போன ஜிம்மி பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது. அம்மா அதைப் பிடித்துவரச் சொல்லி என்னையே அனுப்பினாள். இரண்டு பேரையும் கடலில் தள்ளலாமா என்றிருந்தது.

சடங்கன்று கெல்வின் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஊதினான். தூப் என்று எக்கினான். கட்டையோடு குழலும் நின்றது. மாமா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த பாட்டை எடுத்தார். அவர் திட்டவில்லை என்றால் சரியாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். எதற்கும் இருக்கட்டும் என்று மாமா வரவழைத்திருந்த கல்லிவின்கு ஆள் கூட்டத்தோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கெல்வினின் முதல் கேள்வி, "உங்கம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

"ஜிம்மிகிட்டகூடவா?"

"ஜிம்மிகிட்டகூட இல்லை."

குழலை மூலையில் எறிந்தான். "இத்தனை நாள் வாங்கிக் கட்டிக்கிட்டேனே! ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவாங்க?"

"கத்தாதே. முட்டி வலின்னு வருஷக்கணக்கா உட்கார்ந்தே இருந்தவ, இன்னிக்கு நீ ஊதறப்போ எந்திரிச்சு ஆடினா. கடைசிப் பாட்டு வரைக்கும் உட்காரலை."

கெல்வினின் வாய் திறந்தபடியே நின்றது. "நான் பார்க்கலையே!"

"எப்படிப் பார்ப்பே? பார்க்கத்தான் கூடாதே."

தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். பிறகு, "எப்படி ஆடினாங்க?" என்றான்.

இதுவும் என் தலையில்தான். எழுந்து நின்று, அம்மாவைப் போல முட்டியைப் பிடித்துக்கொண்டு ஆடிக்காட்டினேன்.