வெளிப்பக்கத்துத் தாழ்ப்பாள்

பாடசாலைக் கழிப்பறைக்குள் பாம்பு கிடந்தது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகன் வந்து சொன்ன நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாரைதான், ஒன்றும் செய்யாது என்று எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், எல்லோரும் சொன்னார்கள். சாரை வந்த வழியில் விரியன் வராது என்று யாரால் சொல்ல முடியும்? அடுத்த கிழமை பெற்றோர்கள் கூடிச் செய்யும் சிரமதானம் இருந்தது. மற்றவர்கள் புல் வெட்டினார்கள், தண்ணீர் ஓடும் கான் துப்புரவு செய்தார்கள். நான் ருவான்வெல்லைக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் வாங்கி வந்தேன். எங்கள் பேச்சில் அது கொண்டி.

உள்ளுக்கா வெளியவா என்று கடைக்கார நானா கேட்டார். நான் யோசிக்கவேயில்லை, வெளியே என்றேன். ஆண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவு காற்றுக்கு எப்போதும் திறந்தே கிடக்கும். பாம்பு அப்படித்தான் நுழைந்திருந்தது. கதவின் அடியில் இருந்த இடைவெளிக்குத் தகரம் அடித்தேன். வெளிப்பக்கம் தாழ்ப்பாளை முடுக்கினேன். போய் வந்ததும் போட்டுவிடுங்கள் என்று பிள்ளைகளிடம் மூன்று தடவை சொன்னேன். உள்ளே ஒரு காலத்தில் இருந்த தாழ்ப்பாள் துருப்பிடித்து உக்கி விழுந்து, ஆணி ஓட்டைகள் மட்டும் தெரிந்தன. அதையும் பார்த்தேன். உள்ளே இருக்கிறவன் காலால் கதவைத் தாங்கிக்கொள்வான், நாங்களும் அப்படித்தானே வளர்ந்தோம் என்று விட்டுவிட்டேன்.

நான் எதற்கும் பயப்படுகிறவன். தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் ஷீட்டுகளுக்குப் புகை போடுகிற அறை என் பொறுப்பு. அந்தக் கதவைச் சாத்திவிட்டுப் பாதி வழி வந்த பிறகும் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். "ஏங்க, கதவு அங்கேயே இருந்துச்சா, இல்ல உங்க பின்னாலேயே வந்துருச்சா?" என்று என் மனைவி கேட்பாள். எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்டவன் நான். கணக்கு ஏறவில்லை என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். அவளுக்கும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஒரு பையன் இருக்கிறான். அப்பா கட்டாரில், அம்மா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறார். என் மகனும் அவனும் ஒரே வகுப்பு. இருவரும் தவழும் வயதிலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள். அந்தப் பையனின் பேச்சு மென்மை, கை ஆட்டிப் பேசுவான், பரிசளிப்பு விழாவில் சின்னப் பிள்ளைகளுக்கு நடனம் பழக்கியது அவன்தான். அவனோடு பேசினால் சிரிக்காமல் இருக்க முடியாது. லயத்துப் பெண்களெல்லாம் சேலையை எடுத்துக்கொண்டு போய் எந்த ரவிக்கை பொருந்தும் என்று அவனிடம்தான் கேட்பார்கள். அதே பெண்கள் அவன் திரும்பிப் போனதும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

பதினோராம் தரம் தொடங்கிய பிறகு இரண்டு பேரும் வேறு வேறு வழியாக வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். என் மகன் பெரிய ரோட்டால் வருவான். அவன் ரப்பர் மலைக் குறுக்குவழியால், தனியாக. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இதை எழுத வெட்கப்படுகிறேன், ஆனாலும் அதுதான் உண்மை. ஊர் அவனைப் பற்றிச் சொல்வதை நாளைக்கு என் பிள்ளையைப் பற்றியும் சொல்லிவிடக் கூடாதே என்பது ஒரு வருஷமாக என் வயிற்றுக்குள் கிடந்த பயம். கேட்காமலே தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பால் நிறுக்கும் இடத்தில் அவனுடைய அம்மா வாளியை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார். பையனுக்கு ஒரு மாதமாக ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல். கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். டாக்டர் அம்மா சிங்களத்தில் அவனிடம் தனியாகப் பேசிப் பார்த்துவிட்டு, பிள்ளை காலையிலிருந்து வீடு திரும்பும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை, பாடசாலையில் கழிப்பறைக்குப் போகப் பயப்படுகிறான் என்று சொன்னாராம். ஏன் என்று அவன் தாயிடம் வாய் திறக்கவில்லை.

"அண்ணே, அந்தப் பாம்பு இன்னும் வருதா?" என்று கேட்டார் அவர்.

இல்லை தங்கச்சி, நான்தான் கொண்டி போட்டிருக்கிறேனே என்றேன். அவர் தலையாட்டினார். எப்படியும் இனிப் படிப்பு வேண்டாம், வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனுடைய மாமாவோடு கொழும்புக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். புறக்கோட்டையில் துணிக்கடை வேலை. சாதாரண தரப் பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது. அவனே கேட்கிறான், என்னை அனுப்பிவிடுங்கள் என்று அவனேதான் சொல்கிறான் என்றார்.

பாம்பு இல்லை என்று சொல்லிவிட்டேனே தவிர, எனக்குள் அது ஊரத் தொடங்கிவிட்டது. தகரம் கழன்றிருந்தால்? அன்று பிற்பகல், பாடசாலை விட்ட பிறகு, போய்ப் பார்த்தேன்.

தகரம் கழன்றிருக்கவில்லை. தாழ்ப்பாளும் சரியாக இருந்தது. இழுத்துத் தள்ளி இழுத்துத் தள்ளி அதன் தண்டு பளபளவென்றிருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தேன். அடியில் நான் அடித்த தகரம் உள்பக்கமிருந்து குதிகாலால் உதைத்தது போல வெளியே பிதுங்கியிருந்தது. கதவில் கரியால் கடைசி வீட்டுப் பையனின் பெயர். பக்கத்தில் 'பொன்னயா' என்று தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஆம்பிளை இல்லாதவன் என்று சிங்களத்தில் ஏசுகிற சொல் அது. எங்கள் பிள்ளைகள் சிங்களப் பாடத்துக்கு முன்னாலேயே படித்துவிடுகிற சொல்.

நான் படித்த காலத்திலும் அதே சொல்தான்.

வீட்டுக்கு வந்தபோது மகன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். பாடசாலைக் கொண்டியை யார் போடுகிறது என்று கேட்டேன். அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். எதைப் பற்றி என்று கேட்கவில்லை. இன்டர்வலில் அந்தப் பையன் உள்ளே போனதும் நாலைந்து பேர் வெளியே கொண்டியைப் போட்டுவிடுவார்களாம். மணி அடித்த பிறகுதான் திறப்பார்களாம். வகுப்புக்குப் பிந்தி வருவதால் டீச்சர் அவனை வாசலில் நிற்க வைப்பாராம். அதைப் பார்த்து மறுபடியும் சிரிப்பார்களாம்.

"நீ?"

"ஒரு தடவதாம்ப்பா."

"ஏன்?"

"போடாட்டி நீயும் அதுதான்னு சொன்னாங்க."

பிறகு மீதியும் வந்தது. போன வருஷம் அந்தப் பையன் என் மகனிடம் ஒன்று சொல்லியிருக்கிறான். தனக்குப் பெண் பிள்ளைகள் மேல் அப்படி மனசு போவதில்லை, ஆண் பிள்ளைகள் மேல்தான் போகிறது, யாரிடமும் சொல்லாதே என்று. என் மகன் ஒருவனிடம் சொன்னான். ஒருவனிடம் மட்டும்தான் என்று இரண்டு தடவை சொன்னான்.

அவனை அடிக்கக் கை வந்தது. அடிக்க எனக்கு என்ன யோக்கியதை? எட்டாம் வகுப்பில் எனக்கும் ஒரு கூட்டாளி இருந்தான். ஒரே வாங்கில் உட்காருவோம், ஒரே பார்சல் சோறு தின்போம். எங்களைப் புருஷன் பொண்டாட்டி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். கரும்பலகையில் எழுதினார்கள். மாஸ்டரும் படித்துவிட்டுச் சிரித்தார். நான் முதலில் வாங்கு மாறினேன். பிறகு அவனோடு பேசுவதை விட்டேன். அப்புறமும் அவன் என்னைப் பார்க்கிற பார்வை தாங்காமல் பாடசாலையையே விட்டேன். அவன் எப்படிப்பட்டவன், நான் எப்படிப்பட்டவன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. பயம் மட்டும் தெரியும். கணக்கு எனக்கு நன்றாகவே வந்தது.

இதை முதல் தடவையாக என் மகனிடம்தான் சொன்னேன். அடுப்படியில் என் மனைவி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது.

அடுத்த நாள் காலையில் பாடசாலை அதிபரின் அறை வாசலில் நின்றேன். இரண்டு தடவை கேற்றுவரை திரும்பி நடந்தேன். என்ன சொல்வது? எதைச் சொல்லக் கூடாது? அந்தப் பையன் நம்பிச் சொன்ன விஷயம் ஏற்கெனவே ஒரு வாயிலிருந்து சிந்திவிட்டது. என் வாயிலிருந்தும் சிந்தக் கூடாது. அதனால் பூட்டி வைக்கிறார்கள், அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள், பிள்ளை தண்ணீர் குடிப்பதில்லை, பரீட்சைக்கு முன்னால் விலகப் போகிறான், இவ்வளவுதான் சொன்னேன். என் மகன் பெயரை முதலில் சொன்னேன். அதைச் சொன்ன பிறகு மற்றது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

அதிபர் கெட்டவர் இல்லை. பையன்கள் விளையாட்டு, கண்டிக்கிறேன் என்றார். அந்தப் பிள்ளையையும் கொஞ்சம் ஆம்பிளை மாதிரி நடக்கச் சொல்லுங்கள், அப்போது யாரும் வம்புக்குப் போக மாட்டார்கள் என்றும் சொன்னார். சரி சேர் என்று சொல்லி எழுந்துவிடுவதுதான் என் சுபாவம்.

"அது பாம்புக்குப் போட்ட கொண்டி சேர்" என்றேன். "பிள்ளைக்குப் போடல."

கூப்பிட்டு வைத்திருந்த வகுப்பு டீச்சர் கதவோரம் நின்றிருந்தார். சின்ன வயது, பதுளைப் பக்கம். "பிந்தி வாறான்னு நான்தானே சேர் வெளிய நிக்க வச்சேன்" என்றார். அவன் நடையை மாற்ற வேண்டியதில்லை, நாங்கள்தான் மாற வேண்டும் என்று அவர் அதிபரிடமே சொன்னார். அதற்குப் பிறகு இன்டர்வலில் அந்தப் பக்கம் ஒரு ஆசிரியர் நிற்பது என்று முடிவாயிற்று. பூட்டியவர்களின் பெற்றோரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லை இனி யார் சொன்னாலும், கெட்ட வார்த்தைக்கு என்ன தண்டனையோ அதுவே இதற்கும் என்று டீச்சர் தன் வகுப்பில் சொன்னாராம். யாரையும் பெயர் சொல்லவில்லை, யாரையும் எழுப்பி நிறுத்தவில்லை என்று மகன் சொன்னான்.

ஆனால் அந்தப் பையன் இதையெல்லாம் பார்க்க அங்கே இல்லை. மூன்று நாளாக வரவில்லை.

சனிக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே ஒரு புது பேக் தெரிந்தது. அவன் கட்டிலில் உட்கார்ந்து சட்டை மடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவன் முகத்தில் இரத்தம் வற்றிப் போனதைப் பார்த்தேன். நான் அம்மாவிடம் எதைச் சொல்லிவிடுவேனோ என்று. பயம் எந்த முகத்தில் இருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

"தங்கச்சி, பாம்பு இல்ல" என்றேன். "பசங்க இவன உள்ள வச்சுப் பூட்டியிருக்காங்க. எம் மகனும் ஒரு நாள் பூட்டியிருக்கான். அந்தக் கொண்டியப் போட்டது நான்."

அவர் என் மகனைப் பார்த்தார், பிறகு தன் மகனை. "ஏன்ணே எம் பிள்ளய மட்டும்?"

அந்தக் கேள்விக்கு அறையிலிருந்த மூன்று பேருக்கு விடை தெரியும். அவன் கையில் சட்டை அப்படியே நின்றது.

"அது பூட்டினவன்கிட்டக் கேக்க வேண்டிய கேள்வி தங்கச்சி. இவன்கிட்ட இல்ல" என்றேன்.

என் மகன் அழுதான். மன்னிச்சுக்க என்று ஏதோ சொன்னான், பாதி கேட்கவில்லை. அதற்கு அந்தப் பையன் இன்றுவரை பதில் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. அவன் என் பக்கம் திரும்பினான்.

"உள்ளுக்குக் கொண்டி இருக்கா மாமா?"

இல்லை என்றேன்.

"வெளிய இருக்கிறதக் கழட்டினா மட்டும் பத்தாது. தள்ளித் திறப்பாங்க."

நாளைக்கே அதைக் கழற்றி உள்ளே போட்டுவிடுகிறேன் என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நானும் வாறேன். உங்கள விட்டா மறுபடியும் வெளியதான் போடுவீங்க."

அவனுடைய அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவனுடைய மாமா தனியாகத்தான் கொழும்புக்குப் போனார். ஒரு கிழமை பார்ப்போம், பிறகு அனுப்புகிறேன் என்று தாய் சொல்லியிருக்கிறார். அதிபர் பாடசாலைச் சாவி தந்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் போனோம். என் மகன் கதவைப் பிடித்துக்கொண்டான், நான் ஆணியைக் கழற்றினேன், எவ்வளவு உயரத்தில் என்று அவன் கை வைத்துக் காட்டினான். கரியில் எழுதியிருந்ததை என் மகன் தேய்த்தான். முழுதாகப் போகவில்லை, டீச்சர் பிறகு பெயின்ட் வாங்கிக் கொடுத்தார். பாம்புக்கு என்ன செய்வது என்று எனக்குக் கவலையாக இருந்தது. கதவு தானாகச் சாத்திக்கொள்ள ஒரு ஸ்பிரிங் போட்டால் போச்சு என்றான் அவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு அது தோன்றவில்லை.

முடிந்ததும் சரிபார்க்க உள்ளே போனான். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை. கூப்பிட்டேன்.

"இருக்கேன் மாமா. சும்மா பாக்கிறேன்" என்றான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வெளியே பஸ் தரிப்பிடத்தில் அந்தச் சொல் இன்னும் கேட்கிறது. இரண்டு பையன்களும் ஒரே வழியில் வருகிறார்கள், ஆனால் ஒருவன் முன்னே, ஒருவன் பின்னே. கிழமை கழிந்தும் தாய் அவனைக் கொழும்புக்கு அனுப்பவில்லை. பரீட்சைக்கு விண்ணப்பித்துவிட்டான்.

போத்தலில் தண்ணீர் கொண்டு போகிறான், காலியாகத்தான் கொண்டு வருகிறான் என்று அவனுடைய அம்மா பால் நிறுக்கும் இடத்தில் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அதிலும் சந்தேகம் வந்துவிட்டது. வரும் வழியில் ரப்பர் மரத்தடியில் ஊற்றிவிட்டு வருகிறானோ? இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் பாடசாலை விட்டு வந்தவனை ஸ்டோர் வாசலில் நிறுத்திக் கேட்டே விட்டேன்.

போத்தலைக் கவிழ்த்துக் காட்டினான். "குடிச்சிட்டேன் மாமா. போயிட்டும் வந்துட்டேன். நீங்க போய் உங்க கதவப் பாருங்க" என்றான்.