பதினொன்றாவது மணிக்கட்டு

கிளெனிஸ் ஹாரப் முப்பத்தோரு வருஷமாக நியூகாசில் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே பார்த்துச் சொல்லும் டாக்டர். நோயாளிகள் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அவர்கள் எலும்பைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். டாக்டர் தவறு செய்துவிட்டார் என்று யாராவது வழக்குப் போட்டால், நிபுணர் சாட்சியாக வரச்சொல்லி வக்கீல்கள் அவளைக் கூப்பிடுவார்கள். போவாள், ஆனால் ஒரு நிபந்தனை. வழக்குப் படத்தைத் தனியாக நீட்டக் கூடாது. அதே மாதிரி இன்னும் பத்தொன்பது படங்களோடு கலந்து, பெயர்களை மறைத்து, நோயாளியின் வலியைக் குறித்த சீட்டுகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எந்தப் படத்தால் வழக்கு வந்தது என்று தெரிந்துவிட்டால், எந்தக் கண்ணுக்கும் எல்லாம் பளிச்சென்று தெரியும். இதைப் பிடிவாதம் என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நியாயம் அதுதான்.

கொலின் டக்வெல் ஃபெரிப் படகில் கயிறு எறிந்து கட்டுகிறவன். ஈரப் பலகையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தான். வேறோர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்து, முறிவு இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை நம்பி மூன்று மாதம் வலியோடு கயிறு எறிந்தான். கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சின்ன எலும்பு உடைந்து, ஒட்டாமலே போயிருந்தது. அறுவை செய்தும் மணிக்கட்டு மடங்கவில்லை. ஆஸ்பத்திரி மேல் தவறு என்று நிரூபித்தால்தான் நஷ்டஈடு கிடைக்கும், வேறு வேலை கற்றுக்கொள்ளலாம். இது எதுவும் தெரியாமல், கிளெனிஸ் ஒரு காலையில் இருபது மணிக்கட்டுகளையும் பார்த்து எழுதிக் கொடுத்தாள்.

கொலினின் வக்கீல் ஜோவான் வுகோவிச் தாளைப் புரட்டினாள். முகம் செத்துப்போனது.

"பதினொண்ணுதான் நம்ம ஆளு. 'முறிவு தெரியவில்லை'ன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே!"

கிளெனிஸ் படத்தை மறுபடி திறந்தாள். இப்போது தெரிந்தது, முடியைவிட மெல்லிய ஒரு கோடு.

"ஆமா, நானும் விட்டுட்டேன்."

"இத அறிக்கையில போடாதீங்க, ப்ளீஸ். கொலினோட கேஸே போயிடும்."

"மொத வரியே அதுதான் போடப்போறேன். கூப்பிட்டது நீ. ஆனா நான் பதில் சொல்ல வேண்டியது கோர்ட்டுக்கு. அது கெடக்கட்டும், பதினொண்ணுக்கு நான் எழுதின ரெண்டாவது வரியப் படிச்சியா?"

ஜோவான் படித்தாள். 'கட்டைவிரல் அடியில் வலி நீடித்தால் பத்து நாளில் மறுபடி படம் எடுக்கவும்.'

"அந்த எலும்பு ஒடஞ்சா, பல பேருக்கு மொத நாள் படத்துல தெரியாது. அதனாலதான் அந்த வரி. அந்த ஆஸ்பத்திரியில அத எழுதினாங்களா?"

"இல்ல," என்றாள் ஜோவான். சொல்லும்போதே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இனி எதிர்த்தரப்பு நிபுணர் ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் ரஸ்ஸல் பென்னி, கிளெனிஸோடு ஒன்றாகப் படித்தவர். இந்த ஊர்க் கோர்ட்டில் ஒரு வழக்கம்: இரண்டு நிபுணர்களையும் ஒரே அறையில் உட்காரவைப்பார்கள், வக்கீல்கள் உள்ளே வரக் கூடாது. எதில் ஒத்துப்போகிறோம், எதில் இல்லை என்று இருவரும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

கிளெனிஸ் டப்பாவைத் திறந்து தேங்காய்த்துருவல் தூவிய லாமிங்டன் கேக் துண்டுகளை நடுவில் வைத்தாள்.

"லஞ்சமா?" என்றார் ரஸ்ஸல், ஒன்றை எடுத்துக்கொண்டே. "நீயும் விட்டுட்டியாமே, கிளென்! பேப்பர்ல போடலாமா?"

"போடு. படத்துல முறிவு தெரியலங்கறதுல ஒத்துக்கிறோம். அந்த வரி எழுதாதது தப்பு. அதுக்கு என்ன சொல்ற?"

"எல்லாரும் எழுதறதில்லம்மா. அது அவங்கவங்க பழக்கம். அத வச்சு ஒரு டாக்டரத் தப்பு சொல்லிட முடியுமா?"

கிளெனிஸ் வாதாடவில்லை. மூன்று படங்களைச் சீட்டோடு அவர் முன்னால் திறந்து வைத்தாள்.

"டூட்டியில பாக்கற மாதிரி பாரு. எழுது."

"பரீட்சையா வைக்கற? என் வயசென்ன!"

"ஏன், பயமா?"

அதற்கப்புறம் விடுவாரா? உதட்டோரத்துத் தேங்காய்த்துருவலைக்கூடத் துடைக்காமல் கடகடவென்று எழுதித் தள்ளிவிட்டார். கிளெனிஸ் மூன்றாவதைச் சத்தமாகப் படித்தாள்: "'முறிவு இல்லை. கட்டைவிரல் அடியில் வலி இருந்தால் பத்து முதல் பதினாலு நாளில் மீண்டும் படம்.' இது கொலின் கை இல்ல ரஸ், வேற யாரோ. சீட்டுல அதே வலி."

ரஸ்ஸல் தாளை வாங்கித் தான் எழுதியதைத் தானே படித்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"பாவி! கை தானா எழுதிடுச்சு."

"அதத்தான் சொல்றேன். நம்ம கை தானா எழுதற வரி அது."

பேனாவை எடுத்தார். "சரி. எனக்குப் பொய் எழுத வராது. இன்னொரு துண்டு குடு."

இரண்டே வாக்கியம்: முதல் படத்தில் முறிவு தெரியவில்லை; மறுபடி படம் எடுக்கச் சொல்லும் வரியை எழுதாதது தவறு. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகு ஆஸ்பத்திரித் தரப்பு விசாரணை வரைக்கும் போகவில்லை. நஷ்டஈடு கொடுக்கச் சம்மதித்துவிட்டது.

சில மாதம் கழித்துக் கிளெனிஸ் ஃபெரியில் ஏறினாள். சுக்கானுக்குப் பக்கத்தில் நின்று படகோட்டப் பழகிக்கொண்டிருந்தவன் அவள் கழுத்தில் தொங்கிய ஆஸ்பத்திரி அட்டையில் பெயரைப் பார்த்து இறங்கி வந்தான்.

"நீங்களும் பாக்காம விட்டீங்களாமே?" என்றான் கொலின்.

"ஆமாம்பா."

"அதக் கேட்டதும் அந்த டாக்டர் மேல இருந்த கோபத்துல பாதி போயிடுச்சு."

"மீதி?"

"அந்த ஒரு வரிக்கு வச்சிருக்கேன்."

"வச்சுக்கோ, அது நியாயம்தான்," என்றாள் கிளெனிஸ். படகு கரையைத் தொட்டது. கொலின் இடது கையால் அவள் பையை வாங்கி இறக்கிவைத்தான்.