பட்டியலில் மூன்றாவது ஸ்பீக்கர்

அலுவலகத்தில் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். ஆள் வாயைத் திறக்க மாட்டான். பிழைப்பு மட்டும் சத்தத்தில். பல் மருத்துவமனை அறைகளில் எந்த ஸ்பீக்கர் எப்போது, எவ்வளவு சத்தத்தில் பாட வேண்டும் என்று இசைச் செயலிக்குக் கட்டளை அனுப்பும் புரோகிராம் எழுதுவான். எந்தெந்த ஸ்பீக்கர் இணைப்பில் இருக்கிறது என்று கேட்டால் செயலி ஒரு பட்டியல் தரும்.

சோதனைக்குத் தன் சொந்தக் கணக்கையே வைத்திருந்தான். தப்புதான். மேலாளர் தலைபாடாக அடித்துக்கொண்டும் மாற்றவில்லை. காரணம், பட்டியலின் மூன்றாவது வரி: 'அக்கா சமையலறை'. நல்லபடியாக இருந்த காலத்தில் அவனே வாங்கி, தன் கணக்கிலேயே இணைத்துக்கொடுத்த ஸ்பீக்கர். அக்காவின் கணவர் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது, வேலை வேலை என்று இவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இனிமே என் முகத்துல முழிக்காதே" என்று அவள் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. அவள் கோபம் நியாயம்தான். ஆனாலும் ஸ்பீக்கரைத் திருப்பி அனுப்பவில்லை. தினமும் காலை ஆறரைக்கு அது பாடத் தொடங்கும், சத்தம் நாற்பது. அக்கா எழுந்துவிட்டாள். அது போதும் என்று இருந்தான். போதவில்லை என்பது வேறு விஷயம்.

ஒருநாள் காலை எட்டு மணிக்கு மருத்துவரிடம் வேலையைச் செய்துகாட்ட வேண்டியிருந்தது. எந்த ஸ்பீக்கர் என்று குறிப்பிடாத கட்டளை, அந்த நேரத்தில் பாடிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கருக்குப் போய்விடும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இதை இவன் மறந்தான். 'சத்தம் தொண்ணூறு' என்று அனுப்பினான். அறையில் மூச்சுப் பேச்சில்லை. மறுபடியும் அனுப்பினான்.

"ஒண்ணும் கேக்கலையே?" என்றார் மருத்துவர்.

இவன் திரையைப் பார்த்தான். மூன்றாவது வரி தொண்ணூறில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பதுக்கு இறங்கியது.

"கேட்டுச்சு சார். வேற வீட்டுல."

வெளியே வந்ததும் மேலாளர் இவனைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்குள்ள கணக்கை மாத்து. இல்லன்னா வேற வேலை பாத்துக்க."

மாற்றினால் அந்த வரி போய்விடும். இருப்பது அந்த ஒரு வரிதான். கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மறுநாள் ஆறரைக்கு வீட்டில் பட்டியலைத் திறந்தான். 'அக்கா சமையலறை' இல்லை. நேற்று சத்தத்தை ஏற்றியது யார் என்று அவளுக்குத் தெரியாதா? கணக்கே இவனுடையதுதானே. பிடுங்கி எறிந்துவிட்டாள் போல.

பிறகுதான் கவனித்தான். வரிகள் குறையவில்லை. மூன்றாவது ஸ்பீக்கருக்குப் பெயர்தான் மாறியிருந்தது: 'நேர்ல வாடா'. சத்தம் நாற்பது.

கணக்கை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். மேலாளரைப் போனில் கூப்பிட்டு, முதலில் லீவு சொன்னான்.