பாண்டிய ராஜாவும் பெரியப்பாவின் பல்செட்டும்

ஒன்பது வயதில் நான் ஒரு பாண்டிய மகாராஜாவை என் பெரியப்பாவின் பல்செட்டைத் தேடிவர அனுப்பினேன். துணைக்கு ஒரு சோழரும் ஒரு டில்லி பாதுஷாவும் இருந்தார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்பது வயதில் யாரும் எதையும் செய்வார்கள். வெட்கப்பட வேண்டியது, அவர்கள் உண்மையாகவே போய்த் தேடினார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலத்தின் நீளம். மீசை அரும்பிய பிறகும் நம்பினேன். கல்லூரியில் சரித்திரத்தைப் பாடமாக எடுத்ததுகூட, ராஜாக்களோடு நமக்குப் பழைய பழக்கம் உண்டே என்கிற தைரியத்தில்தான். பரீட்சையில் ராஜாக்கள் அந்தப் பழக்கத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

எங்கள் வீடு தென்காசியில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. வாசலில் நின்றால் கோபுரம் தெரியும். கோபுரம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் அது நடுவில் பிளந்து, உச்சி போய், இரண்டு பக்கமும் மொட்டையாக நின்றது. எங்கள் சரித்திர வாத்தியார் அதைக் காட்டித்தான் பாடத்தை ஆரம்பிப்பார். அதைக் கட்டிய பாண்டிய ராஜா, பின்னாளில் கோயிலுக்கு ஒரு குறை வந்தால் அதைச் சரிசெய்கிறவர் காலில் நான் இப்போதே விழுந்து கும்பிடுகிறேன் என்று கல்லில் வெட்டிவைத்திருக்கிறாராம். வகுப்பில் மற்ற பையன்களுக்கு இது ஒரு பாடம். எனக்கு இது ஒரு வாய்ப்பாகப் பட்டது. ஒரு ராஜா காலில் விழக் காத்திருக்கிறார், ஆள் யார் என்றுதான் முடிவாகவில்லை. நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் கோபுரத்தடியில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுக் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்ததுண்டு.

இனி பல்செட்டுக்கு வருகிறேன். எங்கள் தெருவிலேயே பல்செட்டு வைத்திருந்தவர் பெரியப்பா ஒருவர்தான். மதுரைக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்தது. ஆனி மாதம் சாரல் கட்டினால் பெரியப்பா வண்டி பூட்டி வீட்டோடு எல்லோரையும் குற்றாலத்துக்கு அழைத்துப்போவார். பேரருவி அடிக்கிற அடியில் வாய் தானாகத் திறக்கும் என்பதால், குளிக்கப் போகுமுன் பற்களைக் கழற்றி ஒரு சோப்பு டப்பாவில் போட்டு அக்காவிடம் கொடுப்பார். அக்கா என்றால் பெரியப்பாவின் ஒரே மகள். அவள் பாறைமேல் உட்கார்ந்து, மாற்றுத்துணிகளையும் சோப்பு டப்பாக்களையும் குரங்குகளிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருப்பாள்.

அன்றைக்கு வீடு திரும்பிய பெரியப்பா டப்பாவைத் திறந்தார். உள்ளே சோப்பு இருந்தது. சோப்பு டப்பாவில் சோப்பு இருப்பதைப் பார்த்து ஒரு குடும்பமே அலறியது அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் நடந்திருக்கும். இன்னொரு டப்பாவைத் திறந்தார்கள். அதிலும் சோப்பு.

"நீங்க எதுல போட்டீகளோப்பா. குடுத்ததைத்தான் வச்சிருந்தேன்" என்றாள் அக்கா. பெரியப்பாவுக்கு நினைவு தடுமாறியது. பாறையில் வைத்தோமா, குரங்கு எடுத்ததா, கழற்றாமலே அருவிக்குள் போய்விட்டோமா என்று மூன்றுவிதமாகவும் யோசித்தார்.

மற்ற நாளாக இருந்தால் கஞ்சி குடித்துச் சமாளித்திருப்பார். மறுநாள் அக்காவைப் பெண் பார்க்கக் கடையத்திலிருந்து வருகிறார்கள். ஆனியில் அதுதான் கடைசி நல்ல நாள். அதைவிட்டால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சைக் கனவில்கூட எடுக்க மாட்டார்கள். அக்காவுக்கோ பாளையங்கோட்டையில் வாத்தியார் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. "மொதல்ல கல்யாணம், பொறவு படிப்பு" என்று பெரியப்பா சொல்லியிருந்தார். அந்தப் 'பொறவு' எந்த வீட்டிலும் வந்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கா மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தாள், பெரியப்பா அசையவில்லை. நாலாம் நாள் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். புத்தி வந்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

"பொக்க வாயோட சம்பந்தக்காரன் முன்னால உக்காரச் சொல்லுதியா?" என்று பெரியப்பா பெரியம்மாவிடம் சீறினார். சீறலில் பாதி காற்றாகவே வந்தது. பெரியம்மா உடனே செங்கோட்டைப் பக்கத்து மலையாளத்தார் ஒருவருக்கு ஆள் அனுப்பினாள். அவர் மை போட்டுப் பார்ப்பதில் கெட்டிக்காரர். களவு போன மாடு, கோபித்துக்கொண்டு போன மருமகள், எதுவானாலும் மையில் தெரியும். ஆனால் மையை அவர் பார்க்கமாட்டார். ஒரு பிள்ளை பார்த்துச் சொல்ல வேண்டும். கால் முதலில் வரப் பிறந்த பிள்ளைக்குத்தான் மை தெரியும் என்றார். அம்மா என்னை முன்னால் தள்ளினாள். நான் காலால் பிறந்தவன். என் வாழ்க்கையில் எந்தப் பதவிக்கும் முழுத் தகுதியோடு நான் தேர்வானது அந்த ஒரு தடவைதான்.

நடுவீட்டுக் கதவுகளைச் சாத்தினார்கள். வெற்றிலையில் கறுப்பாக, பளபளவென்று மையைத் தடவி என் கையில் கொடுத்தார் மலையாளத்தார். கன்னிப்பெண் ஒருத்தி விளக்குப் பிடிக்க வேண்டுமென்று சொன்னதால், அக்கா ஒரு கையில் விளக்கோடும் மறுகையை என் பிடரியில் வைத்தும் பின்னால் உட்கார்ந்தாள்.

"மோனே, நல்லா நோக்கு. ஒரு ஆள் வரும், தூத்துப் பெருக்கும். இன்னொராள் வெள்ளம் தெளிக்கும். பின்னே சிம்மாசனம் வரும், ராஜா வரும். என்ன காணுது?"

எனக்கு என் மூக்கு தெரிந்தது. மூக்குக்குப் பக்கத்தில் விளக்கு தெரிந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிடுவார்கள். அவன் இரட்டைச் சுழிக்காரன், அவனுக்கும் மை தெரியும் என்று அவன் அம்மா ஏற்கெனவே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உற்றுப் பார்த்தேன். கண்ணில் நீர் கோத்தது. நீருக்குள் ஏதோ அசைந்தது.

"ஒரு ஆள் வாராரு" என்றேன்.

ஆள் வந்துவிட்டார். அவருக்கு ஒரு முகம் வேண்டுமே. எனக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் சரித்திரப் புத்தகத்தில் இருந்தார்கள். அந்தப் புத்தகத்தில் ராஜாக்களுக்கு ஆளுக்கு ஒரு வேலைதான் உண்டு. அது இப்போது மிகவும் வசதியாகப் போயிற்று. சாலையோரமெல்லாம் மரம் நட்ட சக்கரவர்த்தி வந்து, தன் மரத்து இலைகளைத் தானே பெருக்கினார். கங்கையிலிருந்து குடம் குடமாக நீர் கொண்டுவந்த சோழர் தண்ணீர் தெளித்தார். டில்லி பாதுஷா மயிலாசனத்தைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்துவிட்டவர் மட்டும் நடந்தே வரவேண்டியிருந்ததால் கடைசியில், மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். மயிலுக்குப் போர்வை கொடுத்தவர் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு யாராவது ஒரு துண்டு கொடுங்கள் என்று நான் சொல்ல, பெரியம்மா பதறி உள்ளே ஓடினாள்.

மலையாளத்தார் வாயைப் பிளந்துகொண்டிருந்தார். அவருடைய மையில் அதுவரை இவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் என் மூக்கு மறைந்தே போய்விட்டது. மைக்குள் நிஜமாகவே ஒரு கொலுமண்டபம் தெரிந்தது என்று இன்றும் சத்தியம் செய்வேன். மயிலாசனத்தில் எங்கள் ஊர்ப் பாண்டிய ராஜா வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் என்னைப் பார்த்தார், எழுந்தார், கை கூப்பினார்.

"ராஜா என் காலுல விழுதாரு பெரியப்பா!" என்று கத்தினேன்.

"அவரு விழுதது கெடக்கட்டும்லே. பல்லு எங்கன விழுந்துச்சுன்னு கேளு!" என்றார் பெரியப்பா.

கேட்டேன். ராஜா தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். பின்னாலேயே மற்றவர்களும் கிளம்பினார்கள். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ராஜா நம் தெருவுக்குள் வருகிறார், நம் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார், நடுவீட்டைத் தாண்டுகிறார், நெல் கொட்டிவைக்கிற குலுக்கைப் பக்கம் போகிறார், குலுக்கைக்குள் கையை விடுகிறார்…

பிடரியில் சுரீரென்று வலித்தது. எறும்பு என்று நினைத்தேன். விளக்கு ஒரு ஆட்டம் ஆடி, மைக்குள் ராஜாவும் ஆடினார்.

"கைய எடுத்துட்டாரு" என்றேன். வலி நின்றது.

"பொறவு?" பெரியப்பா எழுந்தே விட்டார். குலுக்கைப் பக்கம் இரண்டடி வைத்தும் விட்டார்.

"அங்கன இல்லங்காரு. திரும்பிப் போறாரு. மேக்க போறாரு." பிடரியை யாரோ தடவிக்கொடுத்தார்கள். ராஜா வேகமாக நடந்தார். நான் அவரைக் குற்றாலம் வரை நடத்தியே கூட்டிக்கொண்டு போனேன். பேரருவி வந்து விழுந்து பொங்குகிற பொங்குமாகடல் ஓரத்தில் நின்று ராஜா தண்ணீருக்குள் விரலைக் காட்டினார். அவ்வளவுதான்; சோழர் குடத்தைத் தூக்கிக்கொண்டார், பாதுஷா நாற்காலியைத் தூக்கிக்கொண்டார், எல்லோரும் போய்விட்டார்கள். என் மூக்கு திரும்பி வந்தது.

பெரியப்பா அந்தச் சாயங்காலமே கடையத்துக்கு ஆள் அனுப்பினார், உடம்பு சரியில்லை, ஆடி கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று. மறுநாள் விடியற்காலையில் வீட்டு ஆண்கள் எல்லோரும் குற்றாலத்தில் இருந்தோம். சாரலுக்கு வந்திருந்த வெளியூர்க்காரர்கள் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார்கள். பெரியப்பா வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினார். மோதிரம் என்று ஊகித்து அவர்களும் இறங்கித் தேடினார்கள். ஒரு கொண்டை ஊசியும், ஒற்றைச் செருப்பும், யாருடையதோ ஒரு தாயத்தும் கிடைத்தன. மத்தியானம் நனைந்து நடுங்கி வீட்டுக்கு வந்தோம். அக்கா எல்லோருக்கும் சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்தாள். எனக்கு மட்டும் கருப்பட்டி கூடுதலாகப் போட்டாள்.

ஆடி ஒன்றாம் தேதி காலை, சாமி மாடத்தில் விளக்குக்கு முன்னால், ஒரு செம்பருத்திப் பூவுக்குப் பக்கத்தில், பற்கள் இருந்தன. சிரித்துக்கொண்டிருந்தன என்றுதான் சொல்ல வேண்டும், அவற்றால் வேறு எதுவும் செய்ய முடியாது. ராஜாவே தண்ணீரில் இறங்கி எடுத்துவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று பெரியப்பா சொன்னார். நான் மறுக்கவில்லை. மஞ்சள் தண்ணீரில் கழுவிப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு தன் பேச்சில் ஒரு ராஜகளை வந்திருப்பதாக அவரே அடிக்கடி சொல்வார்.

பல் வந்த சந்தோஷத்தில், "ஆவணி வரைக்கும் சும்மா இருக்கதுக்கு, போய்ச் சேந்துதான் இருக்கட்டுமே" என்று அக்காவைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார். ஆவணிக்குள் கடையத்துக்காரர்கள் வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். அக்கா படித்து முடித்துத்தான் வந்தாள். அப்புறம் கல்யாணமும் ஆயிற்று; மாப்பிள்ளையும் ஒரு வாத்தியார். பெட்டியோடு வண்டி ஏறிய அன்று அவள் என் தலையைக் கோதி, "ஒன் ராஜாவுக்கு என் கும்பிடைச் சொல்லு" என்றாள். ராஜாவிடம் அவளுக்கு என்ன இவ்வளவு பக்தி என்று எனக்குப் புரியவில்லை. பல் கிடைத்தது பெரியப்பாவுக்கு அல்லவா?

இந்தக் கதையை நான் முப்பது வருஷம் பல ஊர்களில் சொல்லியிருக்கிறேன், ராஜாக்களைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே. பிறகு கோபுரம் மறுபடி கட்டி முடிந்து, அடி முதல் கலசம் வரை முழுசாக எழுந்து நின்ற வருஷம், அக்காவோடு பார்க்கப் போயிருந்தேன். அவள் அப்போது தலைமையாசிரியை. கோபுரத்தடியில், எதற்கும் இருக்கட்டும் என்று, கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், பற்கள் அன்றைக்குக் குலுக்கைக்குள்ளேதான் கிடந்தன என்று.

நான் பிடரியைத் தடவிக்கொண்டேன். எறும்பு யாரென்று தெரிந்துவிட்டது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்றும் தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"அப்ப ராஜா சரியான எடத்துக்குத்தான் போயிருக்காரு, யக்கா! நீ கிள்ளாட்டா எடுத்தே குடுத்திருப்பாரு! மை நெசந்தான்!"

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஏலே, கருப்பட்டிய ஒனக்குத் தெரியாதுன்னு நெனச்சு அம்மா அந்தக் குலுக்கைக்குள்ளதான ஒளிச்சு வப்பாவ. ராஜா என்ன, சாமியே வந்திருந்தாலும் நீ மொதல்ல அங்கனதாம்லே கூட்டிட்டுப் போயிருப்ப."